கொண்டை இருந்தால் கொண்டை வானம்பாடியா? செட்டிநாட்டுக் கண்மாய் ஒன்றில் நடந்த இன அடையாளம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள ஒரு கண்மாயில் இது நடந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் பின்னால் வரும். வடகிழக்குப் பருவமழையில் ஓரளவு நிரம்பி, தை மாதம் வரை பாசனத்துக்குத் தண்ணீர் கொடுத்து, மாசியில் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பகுதி, வெளியே தெரியத் தொடங்கும் சாதாரண மானாவாரிக் கண்மாய் அது. கரையில் பனைகள், மேற்கே சீமைக் கருவேலம், கிழக்கே தைலமரக் காடு. நடுவில், ஈரம் வற்றிய உள்வாயில், கணுக்கால் உயரத்துக்கு அருகும் கோரையும் வளர்ந்திருக்கும். மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கை ஒட்டிச் செம்புறாங்கல் வெட்டி எடுத்த பழைய பள்ளம் ஒன்றும் அதைச் சுற்றிச் சரளைப் பொட்டலும் உண்டு.

செட்டிநாட்டுப் பக்கம் பறவை பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் வேட்டங்குடிக்குத்தான் போகிறார்கள். அந்தச் சரணாலயம் 1977 முதல் இருக்கிறது. நீர்ப்பறவைகள் கூடு கட்டும் இடம் என்பதால் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பொட்டலைப் பார்க்க யாரும் வருவதில்லை. அதனால் பொட்டலில் வாழும் சிறு பறவைகளைப் பற்றிய பதிவுகள் இந்த வட்டாரத்தில் குறைவு; இருப்பவற்றிலும் பாதிக்குமேல் படமோ குறிப்போ இல்லாதவை. இந்த நிகழ்வின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சம்பந்தப்பட்டவர்கள் நான்கு பேர்: முதுகலை படிக்கும் மாணவர் ஒருவர், ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர், அந்தக் கண்மாய்ப் பக்கம் ஆட்டுக் கிடை போட்டிருந்த கீதாரி (மந்தை மேய்ப்பவர்) ஒருவர், வட்டாரப் பறவைப் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருந்த நான்.

முதல் படங்களும் இரண்டு பெயர்களும்

மாசி மாதக் காலை ஒன்றில் மாணவர் எடுத்த படங்கள் எனக்கு வந்தன. செம்புறாங்கல் துண்டு ஒன்றின்மேல் ஒரு பறவை நெஞ்சைக் காட்டி நிற்கிறது. உச்சந்தலை இறகுகள் தூக்கி நிற்கின்றன. நெஞ்சில் கருங்கோடுகள். வயிறு நல்ல செம்பழுப்பு. எல்லாப் படங்களும் ஒரே கோணம். வால் உடலுக்குப் பின்னால் மறைந்திருந்தது, இறக்கை மூடியிருந்தது. மாணவர் இதைக் ‘கொண்டை வானம்பாடி’ என்று எழுதிப் பட்டியலில் சேர்த்திருந்தார். கொண்டை இருக்கிறது, வானம்பாடிதான் என்பதில் சந்தேகமில்லை. பெயரும் பொருந்துகிறது என்பது அவருடைய வாதம்.

ஆசிரியர் மறுத்தார். கொண்டை வானம்பாடி என்று பொதுவாகச் சொல்லப்படும் இனம், 1758இல் லின்னேயஸ் பெயர் சூட்டியது, இந்தியாவில் ராஜஸ்தான், குஜராத், பஞ்சாப், கங்கைச் சமவெளி என்று வடக்கில் வாழ்வது. செட்டிநாட்டுக்கும் அதற்கும் வெகுதூரம். ஆகவே இது தக்காணத்தில் வாழும் சைக்ஸ் கொண்டை வானம்பாடியாக இருக்க வேண்டும் என்றார் அவர். உருவம் சிறிது, வயிறு செம்பழுப்பு. இரண்டும் அதற்குப் பொருந்தும். பம்பாய்ப் படையில் இருந்த கர்னல் சைக்ஸ் 1832இல் தக்காணத்துப் பறவைகளோடு சேர்த்து விவரித்த இனம் அது. வறண்ட திறந்த வெளி அதன் வாழிடம் என்பதும் ஆசிரியரின் வாதத்துக்குத் துணை நின்றது.

மாணவரின் வாதத்தைவிட ஆசிரியரின் வாதம் வலுவானது. ஆனால் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே: கொண்டை, நிறம். அந்தப் படங்களில் வேறு எதுவும் தெரியவில்லை.

யார் யாராக இருக்கலாம்

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். செட்டிநாட்டுப் பொட்டலில் கோடு போட்ட பழுப்புப் பறவை ஒன்றைப் பார்த்தால் முதலில் நினைக்க வேண்டியது ஜெர்டான் புதர் வானம்பாடியை. மின்கம்பியிலும் முள்வேலிக் கல்லிலும் உட்காரும். தடித்த அலகு, குட்டை வால், இறக்கையில் செம்பழுப்புத் திட்டு. கொஞ்ச உயரம் எழும்பி, கால்களைத் தொங்கவிட்டு, உலர்ந்த கீச்சொலியோடு மிதந்து இறங்கும். சாம்பல் தலை வானம்பாடி இன்னும் சிறியது. ஆணின் வயிறு கறுப்பு என்பதால் குழப்பமில்லை. வயல் நெட்டைக்காலி வானம்பாடியே இல்லை. ஒல்லி உடம்பு, நெட்டைக் கால், அடிக்கடி வாலாட்டும். இந்த மூன்றும் முதல் படத்திலேயே விலகின.

மிச்சம் இருந்தவை நான்கு. வடக்கத்திக் கொண்டை வானம்பாடி: உருவத்தில் பெரியது, மணல் நிறம், நீண்ட கூர்மையான கொண்டை. மலபார் கொண்டை வானம்பாடி: மேற்குக் கரையோரமும் மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் நாடு, நெஞ்சில் கோடுகள் கனமாக இருக்கும், அலகு நீளமானது. சைக்ஸ் கொண்டை வானம்பாடி: இவற்றில் சிறியது, நெஞ்சுக் கோடுகள் மெல்லியவை, அடிப்பகுதி செம்பழுப்பு. நான்காவது, யாரும் பேச்செடுக்காத சின்ன வானம்பாடி. இந்தியா முழுவதும் பரவலாக உள்ள, கண்மாய்ப் புல்லில் வாழும், சுமார் 16 செ.மீ. நீளமுள்ள பறவை.

சின்ன வானம்பாடியின் பெயரில் கொண்டை இல்லை, தலையில் உண்டு. அது கொண்டையைத் தூக்கும்போது, தூங்கி எழுந்த பிள்ளையின் தலைமயிர் போல மொத்தமாகச் சிலிர்த்து நிற்கும். மற்ற மூன்றுக்கும் கொண்டை பின்னோக்கி ஒரு முனையில் கூராக முடியும்; மடக்கினாலும் பிடரிக்குமேல் அந்த முனை நீட்டிக்கொண்டிருக்கும். மாணவரின் படத்தில் தலை நேராகக் கேமராவைப் பார்த்ததால் கூர் இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

பெரிய லென்ஸ் வந்த பிறகு இது ஒரு பொதுவான நோயாகிவிட்டது. கண்ணைக் கூசவைக்கும் அளவுக்குத் துல்லியமான படம் கிடைக்கிறது. பறவை எப்படி எழுந்தது, எங்கே இறங்கியது, என்ன சத்தம் போட்டது என்று கேட்டால் பதில் இல்லை.

முதல் முடிவுகள்

பதிவை நீக்கவில்லை, ‘வானம்பாடி, இனம் உறுதியில்லை’ என்று மாற்றி வைத்தோம். மாவட்டத்துக்குப் புதிய இனம் ஒன்று வரைபடத்தில் ஒருமுறை ஏறிவிட்டால், அடுத்து வருபவர் அதையே சான்றாகக் காட்டித் தன் பறவைக்கும் அந்தப் பெயரை வைப்பார். பத்துப் பதிவுகள் சேர்ந்த பிறகு முதல் பதிவைத் திருத்துவது எளிதல்ல.

மாணவர் மூன்று யோசனைகள் சொன்னார். பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டு எதற்குப் பதில் கொடுக்கிறது என்று பார்க்கலாம். வலை போட்டுப் பிடித்து இறக்கையை அளக்கலாம். இடத்தைப் பகிர்ந்து அனுபவசாலிகளை வரவழைக்கலாம். மூன்றையும் விட்டுவிட முடிவெடுத்தோம்.

பாட்டை ஒலிக்கவிடுவது இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவையை வேலையைவிட்டு ஓட வைக்கும். தவிரவும், வானம்பாடிகள் பிற பறவைகளின் குரலைக் கேட்டுத் திருப்பிப் பாடும் இயல்புடையவை. பதில் கொடுத்தது என்பதை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. வலை போட்டால் விடை கிடைத்திருக்கும்: இறக்கையின் வெளிச் சிறகு சின்ன வானம்பாடியில் மிகச் சிறியது, கொண்டை வானம்பாடிகளில் நீளமானது. ஆனால் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு அனுமதி வேண்டும். பட்டியலில் ஒரு வரிக்காக அனுமதி கேட்பது பொருத்தமாகப் படவில்லை. இடத்தைப் பகிர்ந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. தரையில் கூடு வைக்கும் பறவை. வருகிற ஒவ்வொரு காலடியும் அதற்கு ஆபத்து.

கண்மாய்க் கரையில் பனை நிழலில் உட்கார்ந்து, காத்திருந்து, எழும்போதும் இறங்கும்போதும் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று.

செம்மண்ணின் வேலை

பங்குனி தொடக்கத்தில் மாணவரும் ஆசிரியரும் அடுத்தடுத்துச் சில காலைகள் அங்கே இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த குறிப்புகளில் மிகவும் பயனுள்ள வரி, பறவையைப் பற்றியதைவிட மண்ணைப் பற்றியதாக இருந்தது. வெயில் ஏறியதும் அந்தப் பறவை கலுங்குப் பக்கப் பொட்டலுக்கு வந்தது. மாட்டு வண்டித் தடத்தில் பொடிந்து கிடந்த செம்மண்ணில் வயிற்றை அழுத்திப் படுத்தது. இறகுகளைச் சிலிர்த்து, கால்களால் மண்ணை வாரி முதுகுக்குமேல் இறைத்தது. எழுந்து ஒரு உதறு. செந்தூசு ஒரு புகையாகக் கிளம்பி அடங்கியது. பறவை முன்பைவிடச் சிவப்பாகத் தெரிந்தது.

வானம்பாடிகள் தண்ணீரில் குளிப்பதில்லை; மண்ணில்தான் குளிக்கும். ஆக, மண் எந்த நிறமோ அந்த நிறம் இறகில் ஏறும். கரிசல் பூமியில் இது பெரிய விஷயமில்லை. செம்புறாங்கல் சரளையும் செம்மண்ணும் நிறைந்த செட்டிநாட்டில், வெள்ளை வயிறு செம்பழுப்பாக மாற ஒரு வாரம் போதும். இது போதாதென்று காலை வெயில் செந்தரையில் பட்டுத் தெறித்து வயிற்றுப் பக்கத்தை இன்னும் சிவப்பாகக் காட்டுகிறது. ஆசிரியரின் வாதத்தில் பாதி அந்தத் தூசியோடு போயிற்று. அதை அவரே முதலில் சொன்னார்.

நிறம் பயன்படாது என்றால் எதை நம்புவது? இங்கே ஒரு எளிய தர்க்கம் கைகொடுத்தது. மண் வெள்ளையைச் சிவப்பாக்கும், சிவப்பை வெள்ளையாக்காது. கொண்டை வானம்பாடிகள் மூன்றுக்குமே வாலின் வெளியோரச் சிறகுகள் செம்பழுப்பு. சின்ன வானம்பாடிக்கு அவை மங்கிய வெள்ளை. வாலோரம் சிவப்பாகத் தெரிந்தால் செட்டிநாட்டில் அது எதையும் நிரூபிக்காது, மண்ணாக இருக்கலாம். வெள்ளையாகத் தெரிந்தால் மூன்று பெயர்களும் ஒரே அடியில் விழும். ஆகவே தேட வேண்டியது விரிந்த வால்.

வாலும் குரலும்

பறவையை எழுப்பக் கூடாது, ஆனால் எழும்போது பார்க்க வேண்டும். இதற்கு வழி காட்டியவர் கீதாரி. ஆடுகளைக் கண்டு அது பறப்பதில்லை, மனிதன் தனியாக வந்தால்தான் பறக்கும் என்று அவர் சொன்னார். “தம்பி, நீங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராக நடக்கிறீர்கள். மந்தைக்குப் பின்னால் மெதுவாக வாருங்கள், காலடியில் இருந்து எழும்” என்றார். அப்படியே ஆயிற்று. மேய்ந்து நகரும் ஆடுகளுக்கு முன்னால் சிதறும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கப் பறவை மந்தையை ஒட்டியே நடந்தது. ஆடுகள் நெருங்கியபோது சிறிது தூரம் எழுந்து பறந்து மறுபடி இறங்கியது. அந்தக் குறுகிய பறத்தலில் மாணவர் தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்றில் வால் முழுதாக விரிந்திருந்தது.

வாலின் இரு ஓரமும் பாலாடை நிறம். இறக்கையின் பின்விளிம்பிலும் அதே மங்கிய வெள்ளைக் கோடு. வயிறு அப்போதும் சிவப்பாகவே இருந்தது.

எழும்போது அது கொடுத்த குரலையும் செல்பேசியில் பதிவு செய்திருந்தார்கள்: உலர்ந்த, ரீங்காரம் கலந்த ஒரு ‘ப்ஸ்ஸ்’. வடக்கத்திக் கொண்டை வானம்பாடியின் அழைப்பு அப்படியிராது. அது குழலூதுவது போன்ற இனிய, ஏக்கமான சீழ்க்கை. பக்கவாட்டில் எடுத்த படங்களில் அலகு மெல்லியதாக இருந்தது. கொண்டை மடங்கியபோது பிடரியில் முனை ஏதும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஆசிரியர் இன்னொன்றையும் சான்றாகச் சேர்க்க விரும்பினார். பங்குனி நடுவில் ஆண் பறவை பாடத் தொடங்கியிருந்தது. உள்வாயிலிருந்து நேராக மேலே ஏறி, கண்ணுக்குப் புள்ளியாகும் உயரத்தில் இறக்கையை அடித்தபடியே நின்று, நிமிடக் கணக்கில் நிறுத்தாமல் பாடியது; பாட்டின் நடுவில் ஆட்காட்டியின் கத்தல் துண்டு துண்டாகக் கேட்டது. உயரத்தில் நின்று பாடுவதும் பிறர் குரலை எடுத்தாள்வதும் சின்ன வானம்பாடிக்குப் பொருந்தும் என்றார். பொருந்தும்தான். ஆனால் கொண்டை வானம்பாடிகளும் வானில் பாடும், அவையும் குரல் திருடும். அதனால் அதைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டோம். சான்றுப் பட்டியலில் சேர்க்கவில்லை.

சித்திரை முதல் வாரத்தில் ஒரு கோடை மழை கொட்டியது. மறுநாள் எடுத்த படத்தில் அதே பறவை: முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு அழுக்கு வெள்ளை. செம்பழுப்பு எல்லாம் கழுவிப் போயிருந்தது. பதிவு சின்ன வானம்பாடி என்று திருத்தப்பட்டது. விவாதத்துக்கு அதற்குமேல் இடமில்லை.

கூடு

இனம் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தபோது கூடு தெரியவந்தது. தேடிப் போகவில்லை. பெண் பறவை தினமும் ஒரே பக்கம் இறங்குவதைக் கீதாரி கவனித்திருந்தார். வானம்பாடி கூட்டின்மேல் நேராக இறங்காது. எட்ட இறங்கி, புல்லுக்குள் குனிந்து நடந்து போய்ச் சேரும். எதிரியை ஏய்க்கும் இந்தப் பழக்கம் தெரிந்தவர் அவர். உள்வாயின் மேல்விளிம்பில், கோரைக் குத்து ஒன்றின் அடியில், ஈரமாக இருந்தபோது மாடு மிதித்த குளம்புப் பள்ளத்தில் காய்ந்த புல்லை வட்டமாகச் சுற்றி வைத்திருந்தது கூடு. உள்ளே மூன்று முட்டைகள்: சாம்பல் வெள்ளைமேல் நெருக்கமான பழுப்புப் புள்ளிகள். ஒரு முழத்துக்கு அப்பால் நின்றால் மண்ணும் முட்டையும் வேறுவேறாகத் தெரியாது.

ஒரே ஒரு படம், தொலைவிலிருந்து. பிறகு யாரும் அருகில் போவதில்லை. நம் காலடித் தடத்தை மோப்பம் பிடித்து நாயும் கீரியும் வரும் என்பதால் அடையாளக் குச்சிகூட நடவில்லை. கீதாரி மந்தையைக் கரையின் மறுபக்கமாகத் திருப்பிக்கொண்டார். அதற்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வண்டல் எடுப்பு

இதற்குள் கண்மாயில் வண்டல் எடுக்க ஆயக்கட்டு விவசாயிகள் அனுமதி பெற்றுவிட்டார்கள். சித்திரையிலும் வைகாசியிலும் எடுத்து வயலில் போட்டால்தான் ஆடி உழவுக்கு மண் பக்குவப்படும். தவறினால் ஒரு வருடம் போயிற்று. டிராக்டர்கள் எந்த வாரமும் வரலாம் என்ற நிலை.

வேலையை நிறுத்தச் சொல்லலாமா என்று மாணவர் கேட்டார். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். தூர் வாராத கண்மாயில் தண்ணீர் தேங்காது. தண்ணீர் தேங்காத கண்மாயில் மாசி மாதப் புல் இருக்காது. புல் இல்லையென்றால் இந்தப் பறவையும் இருக்காது. ஏற்கெனவே பக்கத்துக் கண்மாய் ஒன்று கருவேலம் மண்டி, உள்வாயே தெரியாமல் கிடக்கிறது. அங்கே வானம்பாடிக்கு இடமில்லை.

அதனால் கேட்டது ஒன்றே: வேலையை மடைப் பக்கமிருந்து தொடங்க முடியுமா? நல்ல வண்டல் படிந்திருப்பது மடையை ஒட்டிய பள்ளத்தில். மேல்விளிம்பில் இருப்பது பெரும்பாலும் சரளை. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் ஆசிரியர் பேசினார். “அங்கே எடுத்து என்ன சார் ஆகப்போகிறது, கல்லுதானே” என்று அவரே சொல்லிவிட்டார். வண்டிப் பாதை மட்டும் சிக்கலாயிற்று. வழக்கமான தடம் மேல்விளிம்பு வழியாகத்தான் போகும். தெற்குக் கரையில் இறங்கச் சரிவு வெட்டினால் ஒழியப் பாதையை மாற்ற முடியாது என்றார்கள். சரிவு வெட்டப்பட்டது, ஆனால் சில நாள் தாமதமாக. அந்த இடைவெளியில் டிராக்டர்கள் பழைய தடத்திலேயே போய்வந்தன.

முட்டைகள் பொரிந்ததைத் தாய் தந்தை வாயில் புழு எடுத்து வருவதை வைத்து அறிந்தோம். ஒருநாள் கரையிலிருந்து பார்த்தபோது அந்தக் குத்துப் பக்கம் பறவைகளின் வரத்தே இல்லை. கூடு காலி. சிறகு, ஓடு, இரத்தம் என்று எந்தத் தடயமும் இல்லை. சக்கரத் தடம் கூட்டிலிருந்து நாலைந்து காலடி தள்ளியே இருந்தது. கீரி கொண்டுபோயிற்று என்று மாணவர் குறிப்பில் எழுதினார். அடுத்த காலை, அங்கிருந்து சற்றுத் தள்ளி வரத்துக் கால்வாய் ஓரப் புல்லில், பறவை வெட்டுக்கிளியோடு இறங்கி, வெறும் அலகோடு எழுந்தது. சிறிது நேரத்தில் மறுபடியும், வேறொரு புள்ளியில். வானம்பாடிக் குஞ்சுகள் பறக்கத் தெரியும் முன்பே கூட்டைவிட்டு நடந்து வெளியேறி, ஆளுக்கொரு குத்தில் பதுங்கிக்கொள்ளும். பெற்றோர் தேடிப் போய் ஊட்டும். குறைந்தது இரண்டு குஞ்சுகள் பிழைத்திருந்தன என்று சொல்லலாம். மூன்றாவது என்ன ஆயிற்று என்பதற்குச் சான்றில்லை. குறிப்பு அப்படியே திருத்தப்பட்டது.

பட்டியலில் நடந்தது

இந்த ஒரு பறவையால் பழைய பதிவுகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. வட்டாரத்தில் ‘கொண்டை வானம்பாடி’ என்று முன்பே எழுதப்பட்டிருந்தவற்றில் படம் உள்ளவை சிலவே. அவற்றில் பெரும்பாலானவை ஜெர்டான் புதர் வானம்பாடி: தடித்த அலகும் குட்டை வாலும் தெளிவாகத் தெரிந்தன, எச்சரிக்கையில் தலைமயிரைச் சற்றே சிலிர்த்த நேரத்தில் எடுத்த படங்கள். படமில்லாதவை இனம் உறுதியில்லாதவையாக மாற்றப்பட்டன. பதிந்தவர்களில் ஒருவருக்கு வருத்தம். அவர் பார்த்தது பொய் என்று யாரும் சொல்லவில்லை. சைக்ஸ் கொண்டை வானம்பாடி எப்போதாவது இவ்வளவு தெற்கே வராது என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். அதைச் சொல்ல வாலின் படம் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த முறை

செம்மண் வட்டாரத்துக்கென்று சில நடைமுறைகளை வைத்திருக்கிறோம். வானம்பாடிப் படம் அனுப்புபவர் பறவை நின்ற தரையையும் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். கடைசி மழை எப்போது பெய்தது என்று எழுத வேண்டும். வால் தெரியாத படத்துக்கு இனப் பெயர் தருவதில்லை. குரலைச் செல்பேசியில் பிடித்தால் போதும், தரம் முக்கியமில்லை. குஞ்சுப் பருவ இறகுள்ள பறவை, அதாவது முதுகில் செதில் செதிலாக வெளிர் விளிம்பு தெரிவது, என்றால் அது இறகு உதிர்த்து முடிக்கும்வரை காத்திருப்பது. ஒரு கண்மாயில் கிடை போட்டிருந்தால் கீதாரியிடம் முதல் நாளே பேசுவது. இந்த நிகழ்வில் அவரிடம் போனது ஒரு மாதம் கழித்து.

வண்டல் விஷயத்தில், வண்டிப் பாதையைப் பற்றி டிராக்டர் வாடகைக்குப் பேசும் முன்பே ஊராரிடம் சொல்லிவிட வேண்டும். சரிவு வெட்ட ஆகும் செலவை யார் ஏற்பது என்பது இன்னும் பேசி முடியவில்லை.

திருமயம் பக்கமிருந்து வந்த ஒரு பதிவு மட்டும் இப்போது நிலுவையில் இருக்கிறது. நீண்ட, கூர்மையான கொண்டை. மெல்லிய நெஞ்சுக் கோடுகள். வால் பாதி மறைந்த படம், தெரியும் பாதி செம்பழுப்பு. தரை செம்மண். அங்கே இந்த ஆண்டு இன்னும் மழை பெய்யவில்லை. பெய்த மறுநாள் மாணவர் போவதாகச் சொல்லியிருக்கிறார்.